பட்டமளிப்புக்கு ரெண்டே பாஸு

நல்லவதான். நான் இல்லைன்னா சொன்னேன்? நல்லவளா இருக்கப் போயித்தான தாயி எனக்கு இம்புட்டு எரிச்சலு. கெட்டவளா இருந்திருந்தா ரெண்டு வார்த்தை வஞ்சிட்டு என் சோலியப் பாத்திருப்பேன். நல்லவளை எப்பிடி வையிறது, நீயே சொல்லு.

நீ இந்தத் தெருவுக்குப் புதுசா வந்தவ, உனக்கு அவளைத் தெரியாது. மளிகைக் கடைக்காரரு சொன்னாருன்னு எங்கிட்டயே வந்து, உங்க வீட்டுல ஒரு அக்கா இருந்தாகளாமே, தங்கமான மனுசியாமேன்னு கேக்குற. அந்தக் கடைக்காரரு என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா? சொல்லிருக்க மாட்டாரு. பதினஞ்சு வருசமா அந்தக் கடையில சாமான் வாங்குறவ நானு. தங்கமானவ அவ.

அவ என் மருமகனோட அக்கா. கல்யாணம் ஆகல, தம்பி வீட்டோட இருந்தா. எங்க வீட்டுக்காரரு போய்ச் சேந்தப்புறம் நானும் மக வீடுன்னு இங்கன வந்துட்டேன். மகளுக்கும் மருமகனுக்கும் பட்டாசுக் கம்பெனியில வேலை, விடியக்காலையில வேன் ஏறிப் போனா பொழுது சாயத்தான் வருவாக. வீட்டுல நானும் அவளும் எம்பேத்தியும். ஒரு உறையில ரெண்டு கத்தி எப்பிடி இருந்துச்சோன்னு நீ நெனைப்ப. அதான் இல்ல. கத்தி நான் ஒருத்திதான். அவ உறை.

அவளுக்கு ஒரே ஒரு குணம். எதுன்னாலும் அடுத்தவுகளுக்கு விட்டுக் குடுத்துருவா. நீங்க மொதல்ல, நீங்க மொதல்லன்னு சொல்லிக் கையை இப்பிடி, உள்ளங்கை மேல பாக்க நீட்டுவா பாரு, கல்யாண வீட்டுல பந்திக்குக் கூப்பிடுற மாதிரி. தூங்குறப்பக்கூட அந்தக் கை அப்பிடித்தான் கெடக்கும். சரி, விட்டுக் குடுக்குறவளுக்கு என்ன மிஞ்சும்? ஒண்ணும் மிஞ்சாதுன்னுதான நாமெல்லாம் நெனைச்சுக்கிட்டு இருக்கோம். இவ விட்டுக் குடுத்தது எல்லாம் சுத்திக்கிட்டு வந்து இவ மடியிலயே விழுகும். நான் முண்டியடிச்சு, சண்டை போட்டு ஒண்ணை வாங்குவேன். வாங்கிப் பாத்தா அதுல ஒரு ஓட்டை இருக்கும்.

ஒருக்கா ரெண்டு பேருமா விருதுநகருக்கு மொளகா வத்தல் வாங்கப் போனோம். வத்தல்னா அங்கதான் வாங்கணும், இங்கன விக்கிறது அம்புட்டும் விதை. வாங்கிட்டுத் திரும்பி வாறப்ப பஸ்ஸுல கூட்டம். நான் சன்னல் வழியா மஞ்சப்பையைப் போட்டு எடம் பிடிச்சு, அவளையும் இழுத்து உக்கார வச்சேன். அடுத்த நிறுத்தத்துல ஒரு பிள்ளைத்தாச்சி ஏறுனா. இவ எந்திரிச்சுட்டா. எந்திரிச்சவளைப் பாத்துக் கண்டக்டரு, எக்கா இங்கன வாங்கன்னு தன்னோட சீட்டையே குடுத்துட்டாரு. முன்னாடி சீட்டு, மூஞ்சில காத்து. மனுசன் சிவகாசி வரைக்கும் நின்னுக்கிட்டே வாராரு. எனக்கு வாச்சது பின் சக்கரத்துக்கு மேல, முட்டி தாடையில இடிக்குது. அங்கன உக்காந்துக்கிட்டு அவ திரும்பி, அத்தை நீங்க இங்கன வாறீகளான்னு கையை நீட்டுறா. எனக்கு வேணாம்னுட்டேன். எனக்கும் மானம் இருக்குல்ல.

ஞாயித்துக்கிழமை கறி எடுத்தா, ஈரலை எல்லாரு தட்டுலயும் வைப்பா, தனக்கு வச்சுக்க மாட்டா. எம்மருமகன் தன் தட்டுல இருக்கதை எடுத்து அக்கா தட்டுல வைப்பாரு. பேத்தி அவளோடதை வைப்பா. எம்மகளும் வைப்பா, பெத்த மக. கடைசியில பாத்தா அவ தட்டுலதான் ஈரல் குவிஞ்சு கெடக்கும். எனக்கு ஈரல்னா உசுருன்னு அந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும். கேட்டு வாங்கித் திங்கிறவளுக்கு யாரு தாயி எடுத்து வைப்பா?

இதெல்லாங்கூடப் போகட்டும். பேத்தி விசயந்தான் எனக்குப் பொறுக்கல. எம்மக பிரசவத்துக்கு எங்க வீட்டுக்குத்தான வந்தா? அந்தப் பிள்ளையைக் கால்ல போட்டு மூக்கைப் பிடிச்சுக் குளுப்பாட்டுனது நானு. பிள்ளை நாக்குல மொத மொதச் சேனை தொட்டு வச்சது நானு. பிள்ளை மொத மொத வாயைத் தொறந்து சொன்னது என்ன? அத்தை. அம்மாங்கலை, அப்பாங்கலை, அம்மாச்சின்னு என்னையவும் கூப்பிடல. கேட்டா அவ சிரிக்கிறா, உங்களைத்தான் கூப்பிடுறா போலங்கிறா. அதையும் எனக்கே விட்டுக் குடுக்குறாளாம்.

அவ படிச்சவ தாயி. விருதுநகர்ல காலேஜுக்குப் போயி கணக்குப் படிப்பு படிச்சா. அப்பன் ஆத்தா இல்லாத வீடு, தம்பிக்கு எங்க சம்பந்தம் வந்துச்சு. அக்கா இருக்கையில தம்பிக்கு எப்பிடின்னு எல்லாரும் யோசிச்சோம். நல்ல எடம், விட்டுறக் கூடாது, தம்பிக்கு மொதல்ல முடியட்டும்னு அவதான் ஒத்தக் கால்ல நின்னா. அவளுக்குப் பட்டம் குடுக்குற அன்னைக்குப் பாத்து எங்க வீட்டுல மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளை வீட்டுல பொம்பளைன்னு இருக்கது நான் ஒருத்தி, நான் வராம எப்பிடி, பட்டம் எங்க ஓடியா போகுதுன்னு விருந்துக்கு வந்துட்டா. அப்புறமும் போயி வாங்கல. அவளுக்குன்னு மாப்பிள்ளையும் அமையல. அவ விட்டுக் குடுத்ததுல அந்த ரெண்டும் மட்டுந்தான் திரும்பி வரல. அதுல எனக்கு ஒரு சின்ன நிம்மதி இருந்துச்சு. உங்கிட்ட என்ன ஒளிவு மறைவு, இருந்துச்சு.

எம்பேத்தியும் அதே காலேஜுலதான் படிச்சா, கம்ப்யூட்டரு. எல்லாப் பேப்பரும் ஒரே மூச்சுல பாஸு. அப்புறம் ஒரு நா போனைத் தடவிக்கிட்டே வந்து, மதுரை யுனிவர்சிட்டியில நடக்குற பட்டமளிப்புக்குப் பேரு பதியப் போறேன்னா. அதுக்கு ஆயிரம் சட்டம் இருக்கு தாயி. ஒரு பேப்பரும் நிலுவையில நிக்கக் கூடாது. சொன்ன தேதிக்குள்ள பதியணும். நேர்ல வாறோம்னு பதிஞ்சா மேடையில ஏத்திக் கையில குடுப்பாக, இல்லைன்னா தபால்ல அனுப்பிருவாகளாம். பட்டத்தைத் தபால்ல வாங்குறது தாலியைப் பார்சல்ல வாங்குற மாதிரியில்ல இருக்கு? நேர்ல போயிருவோம்னு மொதல்ல சொன்னது நாந்தான். அப்பத்தான் பேத்தி சொல்லுறா, படிச்ச பிள்ளை கூட ரெண்டு பேருதான் உள்ள வரலாம், ரெண்டே பாஸுன்னு.

அப்பன் ஆத்தா ரெண்டு பேருக்குன்னுதான் வச்சிருப்பாக. ஆனா எம்மருமகனுக்கு லீவு கெடைக்கல. தீவாளிக்கு முந்துன சீசன், லோடு லோடா ஆர்டரு நிக்குது, போர்மேன் நகர முடியுமா? மனுசன் கையெல்லாம் பட்டாசுக்குப் போடுற வெள்ளி மருந்து ஒட்டிக் கெடக்க, மகளைப் பாத்துத் தலையை மட்டும் தடவுனாரு. ஆக ஒரு பாஸு எம்மகளுக்கு. இன்னொண்ணு?

பேத்தி அத்தையைப் பாத்தா. நான் பேத்தியைப் பாத்தேன். எனக்குத் தெரிஞ்சுபோச்சு, சும்மா இருந்தா நம்ம பாடு அவ்வளவுதான்னு. அன்னைக்கு ராத்திரி சோத்துத் தட்டைத் தள்ளி வச்சேன். எனக்கென்ன, இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கவ, காலேஜு வாசலைக்கூட மிதிக்காத கட்டை, எவ கூப்பிடப் போறான்னு சொவத்தைப் பாத்துச் சொன்னேன். அழுகை தானா வந்துச்சு, கொஞ்சம் நானும் சேத்துக்கிட்டேன். அவ வந்து தட்டை என் பக்கமா நகட்டி வச்சா.

"அத்தை போகட்டும். எனக்குப் பாஸு வேணாம்."

அம்புட்டுத்தான். ஒரு மொகச் சுளிப்பு இல்ல, ஒரு பெருமூச்சு இல்ல. பேத்தியாச்சும் சண்டைக்கு வருவான்னு பாத்தா, அவ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பை அடக்குறா. செயிச்சது நானு. செயிச்ச மாதிரியே இல்ல தாயி. கயிறு இழுக்கிற போட்டியில எதிராளி கயித்தை விட்டுட்டா நாம மல்லாக்க விழுவோம்ல, அப்பிடி இருந்துச்சு.

பட்டமளிப்புக்கு மொத நா ஒத்திகைன்னு ஒண்ணு வச்சிருந்தாக. எப்பிடி நடக்கணும், எங்கன குனியணும், எந்தக் கையால வாங்கணும்னு சொல்லித் தாறதாம். பேத்தி தனியா மதுரை வரைக்கும் போக வேணாம்னு அவ தொணைக்குப் போனா. மறுநா நாலு பேருமா கெளம்புனோம். நான் உள்ள வரலை, பையைப் பாத்துக்கிட்டு வெளிய இருக்கேன்னா. நல்லதாப் போச்சுன்னு நெனைச்சுக்கிட்டேன்.

அந்தப் பையில நான் ஒரு காரியம் பண்ணி வச்சிருந்தேன். புளிச்சோத்துச் சட்டிக்குக் கீழ, துணியில சுத்தி ஒரு சரவெடி. நம்ம ஊருல நல்ல காரியம்னா வெடி இல்லாமலா? பிள்ளை பேரு வச்சாலும் வெடி, வீடு குடி போனாலும் வெடி, பஸ்ஸுக்குப் புதுசா டயரு மாட்டுனாக்கூட வெடிக்கிற ஊரு இது. எம்பேத்தி பட்டத்தோட வெளிய வாறப்ப வாசல்லயே கொளுத்தணும்னு எனக்கு ஆசை. பேத்தி முன்கூட்டியே வேற வழியா உள்ள போயிட்டா. கேட்டுல ஒரு வாச்சுமேன் பையைத் தொறந்தாரு. சட்டியைத் தூக்குனாரு. என்னைய ஒரு பார்வை பாத்தாரு.

"பாட்டி, எந்த ஊரு?"

"சிவகாசி."

அந்த மனுசன் ஒரு பெருமூச்சு விட்டாரு பாரு, எங்க ஊர்க்காரவுக பல பேரு அந்த வாசல் வழியா வந்திருப்பாக போல. பை உள்ள போகாது, நீங்களும் நில்லுங்கன்னாரு. இம்புட்டுச் சண்டை போட்டு வாங்குன பாஸு, வாசல்லயே கருகப் போகுதுன்னு நிக்கேன். அவதான் முன்னாடி வந்தா. பை எம்பொறுப்பு, வயசானவுக, ஊரு வழக்கத்துக்குக் கொண்டாந்துட்டாக, அவுகளை விடுங்கய்யான்னு பதமாச் சொன்னா. சொல்லிட்டு அந்தக் கையை நீட்டுறா, நீங்க மொதல்லன்னு. வாச்சுமேன் வழி விட்டுட்டாரு. நானும் மகளும் உள்ள போனோம். திரும்பிப் பாத்தேன், பையைக் கக்கத்துல வச்சுக்கிட்டு வாசல்லயே நின்னா. எனக்குக் கொஞ்சம் பாவமாத்தான் இருந்துச்சு. ரொம்ப இல்ல.

உள்ள என்ன மண்டபங்கிற, நம்ம கம்பெனிக் குடோன் நாலைச் சேத்து வச்ச மாதிரி. மேல குளுகுளுன்னு காத்து. எனக்கு ஒரு பக்கம் எம்மக, இன்னொரு பக்கம் ஒரு பெரிய மனுசரு, மல்லாங்கிணறுப் பக்கம் வெள்ளாமை பண்ணுற சம்சாரி. வெள்ளை வேட்டி, கழுத்துல துண்டு. தன் மகனுக்குக் கெடைச்ச ரெண்டு பாஸுல அவரு ஆத்தாவும் பொஞ்சாதியும் உள்ள போயிட்டாகளாம், இவரு வெளிய வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டு இருந்தாராம். ஒரு பொம்பளை வந்து, அண்ணாச்சி எங்கிட்டப் பாஸு இருக்கு, நீங்க போங்கன்னு கையில திணிச்சுட்டுப் போச்சுன்னாரு. மகன் பட்டம் வாங்குறதைப் பாக்க வச்ச மகராசின்னு கண்ணைத் தொடைக்கிறாரு. எங்க வீட்டுலயும் இதே மாதிரி ஒரு கிறுக்கச்சி இருக்கா அண்ணாச்சி, வெளிய பையைக் காத்துக்கிட்டு நிக்கான்னு சொன்னேன். சொல்லி நான் சிரிச்சுக்கூடச் செஞ்சேன்.

மேடைக்குப் பக்கத்துல பிள்ளைக வரிசையா நிக்குதுக. எல்லாம் கருப்பு அங்கி, கழுத்துல கலர்த் துணி. அதுல எம்பேத்தியை எங்க தேடுறது? காக்காக் கூட்டத்துல நம்ம வீட்டுக் காக்கா எதுன்னு கேட்ட மாதிரி இருக்கு. நான் எக்கி எக்கிப் பாக்கேன், எல்லா மூஞ்சியும் ஒண்ணு போல தெரியுது. அப்பத்தான் அந்தச் சம்சாரி என் முழங்கையைத் தட்டுறாரு.

"ஆத்தா, அந்தா பாருங்க. எனக்குப் பாஸு குடுத்தது அந்தம்மாதான். கருப்பு அங்கி போட்டு வரிசையில நிக்குது பாருங்க."

பாத்தேன். மூஞ்சி தெரியல தாயி. ஒரு கை தெரிஞ்சுச்சு. வரிசையில ஒரு கை, உள்ளங்கை மேல பாக்க நீண்டு, பின்னாடி நிக்கிற பிள்ளையை நீ மொதல்ல போங்குது. வரிசையைப் பாத்துக்கிட்ட ஆளு ஓடியாந்து, அப்பிடியெல்லாம் மாறக் கூடாதும்மான்னு அவ தோளைப் பிடிச்சுப் பழைய எடத்துல நிறுத்துறாரு.

மொதல்ல என்ன நெனைச்சேன் தெரியுமா? அப்ப என் பை எங்கன்னு நெனைச்சேன்.

அப்புறந்தான் மகளைப் பாத்தேன். அவ சீலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டு அழுகுறா, சிரிக்கிறா. அவளுக்குத் தெரியும். எம்மருமகனுக்குத் தெரியும். வீட்டுல எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டுந்தான் தெரியாது. பழைய வருசத்துல பாஸாகிப் பட்டம் வாங்காம விட்டவுகளும் பேரு பதியலாம்னு அந்தச் சட்டத்துல இருந்திருக்கு. எம்பேத்தி அதைப் பாத்துட்டு அத்தை பேரையும் சேத்துப் பதிஞ்சுட்டா. இந்த வயசுல அங்கி மாட்டிக்கிட்டு மேடையா, எனக்கெதுக்கு, பிள்ளைக வாங்கட்டும்னு அவ வழக்கம் போல ஆரம்பிச்சிருக்கா. நீ ஏறலைன்னா நானும் ஏற மாட்டேன், எனக்கும் தபால்ல வரட்டும்னு பேத்தி ஒரே பிடியா நின்னுட்டாளாம். பிள்ளை பேச்சுக்கு விட்டுக் குடுத்துட்டா. பாத்தியா, பட்டத்தையும் விட்டுக் குடுத்தேதான் வாங்கிருக்கா. ஒத்திகைக்குப் போனது தொணைக்கு இல்ல. எனக்குப் பாஸு வேணாம்னு சொன்னாளே, எப்பிடி வேணும்? அவளுக்குன்னு ரெண்டு பாஸு தனியா வந்திருக்கு. ஒண்ணு மல்லாங்கிணறுக்காரருக்குப் போச்சு, இன்னொண்ணு எந்தப் புண்ணியவானுக்குப் போச்சோ. எங்கிட்ட ஏன்டி சொல்லலைன்னு மகளைக் கிள்ளுனேன். உங்கிட்டச் சொன்னா தெரு முழுக்கச் சொல்லிருவ, அவுக வெக்கப்பட்டு நின்னுருவாகன்னா. தெரு முழுக்கவா சொல்லுறேன் நானு? உங்கிட்ட இப்பத்தான சொல்லுறேன்.

அவ பேரைக் கூப்பிட்டாக. முழுப் பேரு, அப்பன் பேரோட, மைக்குல. ஏறுனா. நேராப் போனா. ரெண்டு கையாலயும் வாங்குனா. யாருக்கும் நீட்டல, அப்பிடியே நெஞ்சோட சேத்து வச்சுக்கிட்டா. அத்தனை வருசத்துல அவ ஒரு பொருளை அப்பிடிப் பிடிச்சு நான் பாத்ததே இல்ல. எனக்கு வயிறு எரிஞ்சுச்சா? எரிஞ்சுச்சு. அந்தச் சம்சாரி படபடன்னு கை தட்டுறாரு. நான் சும்மா இருந்தா, நம்ம வீட்டு ஆளுக்கு அசலூர்க்காரரு தட்டுன மாதிரி ஆயிராது? அவரை விடச் சத்தமாத் தட்டுனேன். எங்க மருமகன் அக்காதான்னு பின்னாடி வரிசை வரைக்கும் சொன்னேன். அந்தப் பரபரப்புல எம்பேத்தி ஏறி எறங்குனதைச் சரியாப் பாக்கக்கூட இல்ல.

வெளிய வந்தா, என் பை வாச்சுமேன் நாற்காலியில உக்காந்திருக்கு. அவரு நின்னுக்கிட்டு இருக்காரு, பக்கத்துல ஒரு வாளித் தண்ணி. அக்கா பாத்துக்கச் சொன்னாகன்னு பயபக்தியா எங்கிட்ட நீட்டுறாரு. பேத்தி ஓடியாந்து தன் பட்டத்தை அத்தை கையில குடுத்தா. ரெண்டையும் எப்பிடிப் பிடிக்கிறதுன்னு அவ தன்னோடதை என் கையில குடுத்தா. எம்மக வயித்துல பொறந்தவ பட்டம் அவ கையில, அவ பட்டம் என் கையில. மாத்திக் கேப்போமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கேக்கல.

அப்புறம் போட்டோ. பட்டம் வாங்குனவுக நடுவுல வாங்கன்னான் போட்டோக்காரன். அவ என்னையப் பாத்து, அத்தை நீங்க நடுவுல வாங்கன்னு கையை நீட்டுனா. அப்ப எனக்கு ஒரு யோசனை. இவளுக்கு விட்டுக் குடுத்துக் குடுத்துத்தான எல்லாம் வருது, நாமளும் ஒருக்கா விட்டுக் குடுத்துத்தான் பாப்போமேன்னு, நீயே நில்லு தாயின்னுட்டு ஓரத்துல போயி நின்னேன். எப்பிடியும் யாராச்சும் கையைப் பிடிச்சு உள்ள இழுப்பாகன்னு காத்துக்கிட்டு நிக்கேன், நிக்கேன். ஒருத்தரும் கூப்பிடல. அவன் படக்குன்னு எடுத்துட்டான். பெருசாப் போட்டு வந்துச்சு, பாத்தா எனக்குப் பாதி மூஞ்சி. ஒரு காது, ஒரு கம்மல், பாதி வாயி.

இப்பப் பேத்திக்கு ஓசூருல வேலை. கூட யாரு போனதுன்னு நெனைக்கிற? அம்மாச்சியைக் கூட்டிட்டுப் போன்னு அவ சொல்லத்தான் செஞ்சா. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பேத்தி அவளைத்தான் கூட்டிட்டுப் போனா. அங்கன ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரா வேற சேந்துட்டாளாம், அந்தப் பட்டத்தைக் காட்டி. வாரம் தவறாம போன் போட்டு, அத்தை சாப்பிட்டீகளா, கால்வலி எப்பிடி இருக்குன்னு கேக்கா. பேத்தி கேக்க மறந்துர்றா, இவ மறக்கிறதில்ல. போன வாரம் பேச்சோட பேச்சா, இங்க ஈரல் எடுத்தோம் அத்தை, உங்க நெனப்பா இருந்துச்சுங்கிறா. கண்ட கண்ட கழுதையெல்லாம் சொல்லி என்னைய அழ வைக்கணும்னே...

ஏ, குழாயில சத்தம் கேக்குதா? தண்ணி விட்டுட்டான்டி. நகரு தாயி, உங்குடத்தை அங்கிட்டுத் தள்ளு, நான் மொதல்ல பிடிச்சுக்கிறேன்.